காருக்குக் கூடுதல் ‘பிக்கப்’: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் விட்டபின், பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து செல்லும் கார்களின் வரிசையைப் பார்த்தால், தருமபுரி, சேலம், நாமக்கல், ஈரோடு என்று சொந்த ஊருக்குப் புறப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைக் காணலாம். பின் இருக்கையில் பாட்டியும் பிள்ளைகளும். டிக்கியில் துணிப் பைகள். ஞாயிறு மாலை திரும்பி வரும்போது அதே டிக்கியில் ஓர் அரிசி மூட்டையும் பத்துப் பதினைந்து தேங்காயும் ஏறியிருக்கும். திங்கட்கிழமை காலையில் அதே கார் பீனியாவுக்கோ, பொம்மசந்திராவுக்கோ, எலக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குப் போகவேண்டும்.

இப்படிப் போய்வரும் ஒருவர், தொப்பூர் மலைப்பாதையில் ஏறும்போது முன்னால் முனகிக்கொண்டு செல்லும் லாரியைத் தாண்ட முடியாமல் தவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்தில் அவர் மனத்தில் தோன்றுவது ஒன்றுதான்: “வண்டியில் இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!”

மறுநாள் இதைக் கேட்கும் நண்பர் வழி சொல்லிவிடுகிறார். “அண்ணே, இதற்குப் போய் ஏன் கவலைப்படுகிறீர்கள்? காரில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டியில் கணக்கை மாற்றிவிட்டால் போதும். ஒரு மணி நேர வேலை. இருபது குதிரை சக்தி கூடிவிடும்!”

கேட்க இனிமையான யோசனைதான். ஆனால் அந்த ஒரு மணி நேர வேலைக்குப் பட்டறையில் கொடுக்கும் பணம் மட்டுமா செலவு? தினமும் ஓடிப் பிழைப்புக்குத் துணை நிற்கும் ஒரு காருக்குக் கூடுதல் சக்தி ஏற்றினால், அதன் முழு விலை என்ன? காசை எண்ணிச் செலவிடும் குடும்பத்தார் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பெங்களூரில் கார் ஏன் ‘சோர்ந்து’ போகிறது?

பெங்களூரில் கார் ஓட்டுவோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். இஞ்சின் பெட்ரோலை மட்டும் எரிப்பதில்லை. பெட்ரோலோடு காற்றையும் சேர்த்தே எரிக்கிறது. காற்று குறைந்தால் சக்தியும் குறையும்.

டர்போ என்னும் காற்றழுத்தி இல்லாத சாதாரணப் பெட்ரோல் இஞ்சின், 100 மீட்டர் உயரத்திற்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஆகவே சென்னையில் 80 குதிரை சக்தி தரும் இஞ்சின், பெங்களூரில் சுமார் 73 அளவுக்கே தரும். சேலம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. ஊருக்குப் போனதும் கார் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றினால், அது ஊர்ப் பாசத்தால் மட்டும் அல்ல. காற்றின் அடர்த்திக்கும் அதில் பங்கு உண்டு.

கியாஸில் ஓடும் கார்களுக்கு இன்னொரு குறையும் சேருகிறது. பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கருவி பொருத்தினால் எரிபொருள் செலவு குறையும் என்பது உண்மையே. ஆனால் கியாஸில் ஓடும்போது சக்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். மிச்சம் பிடிக்கக் கியாஸ் போட்டுவிட்டுப் பிறகு பிக்கப் இல்லை என்று வருந்துவது, ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எவ்வளவு சக்தி வேண்டும்?

குறை இருக்கிறது என்பது சரி. உண்மையில் தேவைப்படும் சக்திதான் எவ்வளவு?

சமதளத்தில் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும் ஒரு சிறு காருக்கு, காற்றின் எதிர்ப்பையும் சக்கரத்தின் உராய்வையும் சமாளிக்கப் பத்துப் பன்னிரண்டு குதிரை சக்தியே போதும். நூறு அடிக்கு ஐந்து அடி உயரும் ஏற்றத்தில், ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அதே வேகத்தில் செல்ல, மேற்கொண்டு சுமார் இருபது வேண்டும். ஆக மொத்தம் முப்பதுக்குச் சற்று மேல். இன்று ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் இதைப்போல் இரு மடங்கு சக்தி இருக்கிறது.

அப்படியானால் ஏற்றத்தில் கார் ஏன் திணறுகிறது? மேல் கியரில் இஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அதற்குள்ள முழு சக்தியையும் அதனால் கொடுக்க முடிவதில்லை. டர்போ பொருத்திய டீசல் இஞ்சினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். குறிப்பிட்ட சுழற்சிக்குக் கீழே டர்போ விழிப்பதே இல்லை. ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் கார் யோசித்துக்கொண்டே நிற்கும். கியரை ஒன்றோ இரண்டோ குறைத்தால் அதே கார் பாய்ந்து செல்லும்.

ஐந்து பேரோடு செல்லும் 75 குதிரை சக்தி கார் ஒன்று, லாரியைத் தாண்டுவதற்காக 60 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு வருவதாகக் கொள்வோம். சமதளத்தில், சரியான கியரில், கணக்குப்படி நான்கரை விநாடியை ஒட்டி ஆகும். சக்தியை 95 ஆக உயர்த்தினால் மூன்றரை விநாடி. கிடைக்கும் லாபம் ஏறக்குறைய ஒரு விநாடி! ஆனால் கியரைக் குறைக்காமல் மேல் கியரிலேயே மிதித்தால், இதைப்போல் இரு மடங்கு நேரம்கூட ஆகலாம். ஆகவே பணம் செலவில்லாமல் இடது கையால் பெறக்கூடிய பிக்கப், பணம் கொடுத்துப் பெறும் பிக்கப்பை விடப் பெரிது.

சக்தி எப்படிக் கூட்டப்படுகிறது?

இதற்குப் பட்டறைகளில் கையாளும் முறைகள் சில உண்டு. காற்று வடிகட்டியை மாற்றுவது, சைலன்சரை மாற்றுவது, இஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியின் கணக்கை மாற்றி எழுதுவது, அந்தப் பெட்டியை ஏமாற்றும் இன்னொரு சிறு பெட்டியை இணைப்பது ஆகியவை முக்கியமானவை.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இவற்றால் விளையும் பயன் சொற்பம். உள்ளே போகும் காற்றின் அளவை இஞ்சினின் கொள்ளளவு நிர்ணயித்துவிடுகிறது. கணக்கை மாற்றி எழுதினாலும் காற்று கூடிவிடாது. நூற்றுக்கு ஐந்து கிடைத்தாலே அதிகம். சைலன்சரை மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் கூடினால் சக்தி கூடியதாகக் காது நம்பிவிடுகிறது.

டர்போ உள்ள காரின் விஷயம் வேறு. காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் சேர்த்து உயர்த்தினால் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு வரை சக்தியைக் கூட்ட முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. நண்பர் சொன்ன ‘இருபது குதிரை சக்தி’ பொய்யல்ல. கேட்க வேண்டிய கேள்வி, கூடிய சக்தியைத் தாங்கப்போவது எது என்பதே.

ஒரு காரின் கதை

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பழைய கார் சந்தையில் சம்பளக்காரர்கள் விரும்பி வாங்கும் மாருதி ஸ்விஃப்ட் டீசல். இந்தக் கார் இந்தியாவில் 2007-இல் வெளிவந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதி அமலுக்கு வந்தபோது மாருதி கம்பெனி டீசல் கார்களைக் கைவிட்டது. இதில் இருந்த 1.3 லிட்டர் இஞ்சின் இத்தாலிய ஃபியட் கம்பெனியின் வடிவமைப்பு. 75 குதிரை சக்தி; இழுவைக்கு அளவுகோலான ‘டார்க்’ என்னும் முறுக்கு விசை 190 நியூட்டன் மீட்டர்.

“இதே இஞ்சினை எர்டிகா, சியாஸ் கார்களில் கம்பெனியே 90 குதிரை சக்திக்கு விற்றதே! அப்படியானால் ஸ்விஃப்டில் மட்டும் கூட்டினால் என்ன?” என்று பட்டறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 90 குதிரை சக்தி இஞ்சினுக்குக் கம்பெனி கணக்கை மட்டும் மாற்றவில்லை. இறக்கைகளின் கோணம் மாறக்கூடிய வேறு வகை டர்போவையே பொருத்தியது. இரண்டாவது, சக்தியை 15 உயர்த்திய கம்பெனி, முறுக்கு விசையை 190-லிருந்து 200-க்கு மட்டுமே உயர்த்தியது. அதாவது பத்தே பத்து!

இது தற்செயல் அல்ல. கிளச்சையும் கியர் பெட்டியையும் சோதிப்பது குதிரை சக்தி அல்ல, முறுக்கு விசை. இஞ்சினைத் தயாரித்து, பரிசோதித்து, உத்தரவாதமும் தரும் கம்பெனி பத்தோடு நிறுத்திய இடத்தில், பட்டறையில் நாற்பது, ஐம்பது என்று கூட்டுகிறார்கள். கம்பெனி கிளச்சில் வைத்த பாதுகாப்பு இடைவெளியிலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது. கிடைப்பது இனாம் அல்ல. அவசரத்திற்கு வைத்திருந்த சேமிப்பை எடுத்துச் செலவிடுவது போன்றது.

பில்லில் வராத செலவு

இப்போது கணக்குக்கு வருவோம். பட்டறைக்குப் பட்டறை, காருக்குக் கார் தொகை மாறும். எனவே கீழ்க்காணும் எண்களை ஓர் உதாரணமாக மட்டும் கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டர் பெட்டியின் கணக்கை மாற்ற ரூ.25,000 கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பெங்களூர் நெரிசலில் கிளச் ஏற்கெனவே நொந்துபோய் இருக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் பாதிக் கிளச்சில் நின்று தேய்ந்த தட்டின்மீது புதிய முறுக்கு விசை விழுந்தால் அது வழுக்கத் தொடங்கும். இஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது; கருகிய வாடை வரும். கிளச் செட்டுக்கும் கூலிக்கும் ரூ.15,000.

கூடிய சக்தியைத் தரையில் இறக்குவது டயர். தேய்ந்த டயரில் முன் சக்கரம் வழுக்கும்; மழையில் சொல்லவே வேண்டாம். நான்கு நல்ல டயருக்கு ரூ.24,000. அடுத்தது பிரேக். வேகம் கூடினால் நிறுத்தும் தூரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80 கிலோ மீட்டரில் சென்றவர் 100-இல் சென்றால் வேகம் கால் பங்குதான் கூடியது. ஆனால் பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் பாதிக்கு மேல் கூடிவிடும். பிரேக் கட்டைகளுக்கும் பராமரிப்புக்கும் ரூ.5,000.

ஆக ரூ.25,000-க்குத் தொடங்கிய வேலை ரூ.69,000-இல் வந்து நிற்கிறது. இதோடு எண்ணெயை முன்கூட்டியே மாற்றும் செலவும், சூடு கூடுவதால் டர்போவின் ஆயுள் குறையும் ஆபத்தும் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குப் பொருந்தும்.

“மைலேஜும் கூடும் என்கிறார்களே?” என்ற கேள்வி எழலாம். முன்போல் மெதுவாகவே மிதித்தால் சிறிது கூடவும் கூடும். ஆனால் சக்திக்காகப் பணம் கொடுத்தவர் அதைப் பயன்படுத்தாமல் இருப்பாரா? மிதிக்கும் காலுக்கு ஏற்றபடிதான் டீசல் செலவாகும்.

விற்கும்போது இன்னொரு நஷ்டம். இஞ்சினில் கை வைத்த கார் என்று தெரிந்தால் வாங்குபவர் தயங்குவார். விலையைக் குறைத்தே கேட்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணக்கணக்கு ஒருபுறமிருக்க, சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியின்றி வாகனத்தை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. ‘ஒவ்வொரு மாற்றத்திற்கும்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சத்தம், புகை ஆகியவற்றின் வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவு காத்திருக்கிறது. முதல் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று மாதம் லைசென்சும் செல்லாது. கார் ஓட்டியே வேலைக்குச் செல்பவருக்கும், கார் ஓட்டுவதே வேலையாக இருப்பவருக்கும் இந்தக் கடைசி வரி எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா மாற்றமும் குற்றமல்ல. அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. கருவியை உரிய இடத்தில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம். முன்அனுமதி பெற்று அதே வகை இஞ்சினை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் பட்டறையில் ஏற்றிய சக்திக்கு இப்படி ஒரு முத்திரை கிடைப்பதில்லை. “கணக்கை மாற்றியது கண்ணுக்கா தெரியப்போகிறது?” என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது ஆகிவிடாது.

இன்சூரன்ஸ் என்னும் குடை

பாலிசி எடுக்கும்போது காரைப்பற்றிய உண்மை விவரங்களைச் சொல்வது சொந்தக்காரரின் கடமை. இடையில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்து, விபத்துக்குப் பின் அது தெரியவந்தால், சொந்தக் காரின் சேதத்துக்கான பணத்தைத் தர இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கக்கூடும். காரின்மீது பாங்குக் கடன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கார் நசுங்கிக் கிடக்கும். மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

எதிரே வந்தவருக்குக் காயமோ உயிர்ச்சேதமோ நேர்ந்தால், நஷ்ட ஈடு லட்சக்கணக்கில் போகும். அந்த இடத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி சொந்தக்காரரின் தவறைக் காட்டி வாதாடும் நிலை வரக்கூடாது. ஊரில் நிலம் விற்று அந்தப் பணத்தைக் கட்டும் நிலையை, ஒரு விநாடி வேகத்துக்காக எந்தக் குடும்பமும் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

புதுக் கார் என்றால் உத்தரவாதமும் போய்விடும். இஞ்சினில் வெளியார் கை வைத்தது தெரிந்தால், உத்தரவாதக் காலத்திலும் கம்பெனி இலவசமாகப் பழுது பார்க்காது. பழையபடி மாற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். ஆனால் கணக்கு எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்பதையே நினைவில் வைத்திருக்கும் பெட்டிகள் சில கார்களில் உண்டு.

திங்கட்கிழமை காலை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது எந்தப் பில்லிலும் வராது. வீட்டில் இரண்டாவது வண்டி உள்ளவர், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காக ஒரு காரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது பட்டறையில் ஒரு வாரம் கிடந்தாலும் அவருடைய பிழைப்பு கெடாது. ஒரே காரை நம்பி வேலைக்குச் செல்பவர் நிலைமை அப்படியல்ல. கிளச் போய் மூன்று நாள் கார் நின்றால், மூன்று நாள் ஆட்டோ கட்டணம், அல்லது லீவு, ஷிப்டில் இருப்பவருக்குச் சம்பளப் பிடித்தம். ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நள்ளிரவில் போன் வந்தால், அன்று கார் புறப்பட்டே ஆகவேண்டும்.

தினசரிக் காரின் முதல் குணம் வேகமல்ல, நம்பகம். சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும். போன இடத்திலிருந்து திரும்ப வேண்டும். இந்தக் குணத்தைப் பணயம் வைத்து வாங்கும் சக்தி எதுவானாலும் விலை அதிகம்தான்.

பந்தயம் வேறு, பிழைப்பு வேறு

கார் இஞ்சினைச் சீண்டி வேகம் பெறும் ஆசை இழிவானது அல்ல. தமிழ்நாட்டுக்கு அதில் பெருமையான வரலாறே உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டு காலம் நடந்த பந்தயங்களைப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்கிறார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய இஞ்சினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். 2003-இல் கோவையில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் செய்ததில் சாமானியருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த மாருதி இஞ்சின் நாற்பது குதிரை சக்தியைக்கூடத் தொடாதது. அது பந்தயத்துக்கு ஏற்றதானதற்குப் பெரிய காரணம், அது இழுக்க வேண்டிய எடை குறைந்ததுதான். ஒரு டன் எடையுள்ள சிறு காரில் ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் கூடிவிடுகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்! கூரைமேல் கேரியர் வைத்துக் கட்டினால் காற்றின் எதிர்ப்பும் சேரும். பெங்களூரிலும் அரிசி கிடைக்கும். மூட்டையை ஊரிலேயே விட்டுவந்தால், பத்துக் காசு செலவில்லாமல் பிக்கப் கூடும்.

மேலும் பந்தயக் கார் மூடிய தடத்தில் ஓடுகிறது. அங்கே எதிரில் லாரி வருவதில்லை. குறுக்கே மாடு வருவதில்லை. தொப்பூர் பாதையில் பெரிய விபத்துகள் பெரும்பாலும் நிகழ்வது ஏற்றத்தில் அல்ல. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரிவில், பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுப்பாடு இழக்கும்போது. அங்கே உயிர் காப்பது இஞ்சின் சக்தியல்ல. நல்ல பிரேக்கும், குறைந்த கியரும், முன்வண்டியிலிருந்து விட்ட இடைவெளியுமே.

நேரக் கணக்கும் இதையே சொல்கிறது. பெங்களூரிலிருந்து சேலம் சுமார் 200 கிலோ மீட்டர். அதில் திறந்த சாலை 150 கிலோ மீட்டர் என்று கொண்டு, சராசரி வேகத்தை 80-லிருந்து 90-க்கு உயர்த்தினாலும் மிச்சமாவது பன்னிரண்டு நிமிடமே. சில்க் போர்டு தாண்டும் முன்பும், சுங்கச் சாவடியிலும் அது கரைந்துபோகும். அரை மணி முன்னதாகப் புறப்பட்டால் அதைவிட அதிகம் மிச்சம்.

என்ன செய்யலாம்?

பிக்கப் குறைந்துவிட்டது என்று தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது கார் பிறந்தபோது இருந்த சக்தி இப்போது இருக்கிறதா என்பதைத்தான். தூசி அடைத்த காற்று வடிகட்டி, காலம் கடந்த டீசல் வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், காற்றுக் குறைந்த டயர், முழுவதும் விடுபடாமல் உரசும் பிரேக், டர்போவின் ரப்பர்க் குழாயில் விழுந்த வெடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே இழுவையைக் கெடுக்கப் போதும். வழுக்கும் கிளச்சைப் பலர் இஞ்சின் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். நல்ல மெக்கானிக்கிடம் ஒருநாள் விட்டு இவற்றைச் சரி செய்தால், புதுச் சக்தி வாங்கத் தேவையே இல்லை என்று தெரியவரும். ஒருவர் வாங்க நினைப்பது, பல சமயம் அவர் தொலைத்ததுதான்.

அடுத்தது, பணத்தை எங்கே போடுவது என்பது. கையில் ரூ.25,000 இருந்தால், அது முதலில் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போகட்டும். அவை எல்லாப் பயணத்திலும் பயன்படும்; சட்டத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மூன்றாவது, ஏற்றத்தில் கியரைக் குறைக்கும் பழக்கம். தாண்டும்போது ஏர் கண்டிஷனரைச் சில விநாடி நிறுத்துவதும் சிறு காருக்கு உதவும்.

இவ்வளவுக்குப் பின்னும் தேவை தீரவில்லை, வாராவாரம் ஆறேழு பேருடன் மலைப்பாதை ஏறவேண்டும் என்றால், இந்தக் காரை விற்றுவிட்டு, கம்பெனியே பெரிய இஞ்சின் பொருத்திய இன்னொரு காரை வாங்குவதுதான் நேர்வழி. செலவு அதிகமாகத் தோன்றும். ஆனால் அந்தக் காரில் சக்திக்கு ஏற்ற கிளச், சக்திக்கு ஏற்ற பிரேக், சக்திக்கு ஏற்ற ஆர்.சி. புத்தகம், மூன்றும் ஒன்றாகவே வரும்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் ஆசை விடவில்லையா? கடன் தீரட்டும், வீட்டில் இரண்டாவது வண்டி வரட்டும், பழைய காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அங்கே கூடும் ஒவ்வொரு குதிரை சக்திக்கும் மகிழ்ச்சி உண்டு. எதிரே வரும் யாருக்கும் ஆபத்து இல்லை.

ஞாயிறு மாலை தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒரு விநாடி பெரிதாகத்தான் தெரியும். பின் இருக்கையில் பாட்டியின் மடியில் பிள்ளை தூங்குகிறது. கியரை ஒன்று குறைத்து, வழி தெளிவாகும்வரை பொறுத்துத் தாண்டினால் போதும். இரவுக்குள் வீடு சேர்ந்துவிடலாம். காலையில் வேலைக்குக் கிளம்பக் காரும் வாசலில் தயாராக நிற்கும்.